எஸ்.எஸ்.டி. போட்டதும் இண்டெக்ஸிங்கை அணைக்கச் சொல்கிறவர்களுக்கு

பதிவு கொஞ்சம் நீளம். நாற்பத்தைந்து நிமிடப் பாடவேளையை என்னோடு தாங்கியவர்கள் இதையும் தாங்குவீர்கள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

எஸ்.எஸ்.டி. வாங்கி மாட்டியதும் செய்ய வேண்டிய வேலைகள் என்று ஒரு வீடியோ நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சுற்றுகிறது. அதில் ஒன்று, விண்டோஸின் தேடல் இண்டெக்ஸிங்கை அணைத்துவிடுவது. அணைக்காவிட்டால் டிரைவ் சீக்கிரம் தேய்ந்துவிடுமாம். எஸ்.எஸ்.டி.யே வேகமாக இருக்கும்போது இண்டெக்ஸ் எதற்கு என்றும் ஒரு கேள்வி. கீழே கட்டைவிரல்கள் வரிசையாக நிற்கின்றன. பெங்களூரில் மென்பொருள் வேலை பார்க்கும் என் மருமகன், "கரெக்ட்தான், எல்லாரும் பண்ணிடுங்க" என்று முத்திரை குத்திவிட்டான். நான் "வேண்டாம்" என்று ஒரே வார்த்தை போட்டேன். "மாமா, இது ஹார்ட் டிஸ்க் காலத்து சமாச்சாரம்" என்றான். அவனுக்குச் சொல்ல வேண்டிய பதில் வாட்ஸ்அப்பில் அடங்காது. அதனால் இங்கே.

இண்டெக்ஸிங் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு முதலில் ஒரு சின்னப் பாடம். நான் தமிழாசிரியன், எனக்குத் தெரிந்த வழியில்தான் சொல்வேன். பழைய நிகண்டுகள் செய்யுளாக இருந்தன. தெய்வப்பெயர் ஒரு தொகுதி, மக்கட்பெயர் ஒரு தொகுதி, விலங்கின் பெயர் ஒரு தொகுதி என்று போகும். அதை மனப்பாடம் செய்தவருக்குத் தேடவே வேண்டாம், கேட்டதும் வாயில் வந்துவிடும். மனப்பாடம் செய்யாதவர் ஒரு சொல்லைத் தேட வேண்டுமென்றால் அது எந்தத் தொகுதியில் இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். 1594-இல் சிதம்பர ரேவண சித்தர் அகராதி நிகண்டு செய்தபோது சொற்களை முதல் எழுத்து வரிசையில் வைத்தார். 1732-இல் வீரமாமுனிவர் சதுரகராதி செய்தார். அதன் பிறகு யாரும் எந்தச் சொல்லையும் நேராகப் போய்ப் பார்க்கலாம் என்றாயிற்று. நிகண்டை நொடியில் ஒப்பிக்கும் புலவர்கள் அப்போதும் இருந்தார்கள். அவர்களுடைய வேகத்தைக் காட்டி அகராதி வேண்டாம் என்று யாரும் வாதாடியதாக நான் படித்ததில்லை.

கணினியில் நடப்பதும் இதுதான். விண்டோஸ் உங்கள் ஆவணங்களை ஒருமுறை திறந்து, உள்ளே என்னென்ன சொற்கள் இருக்கின்றன என்று குறித்து, எந்தச் சொல் எந்தக் கோப்பில் என்று ஒரு அடைவு செய்து வைத்துக்கொள்கிறது. அதன் பிறகு ஒரு கோப்பு மாறினால் அதை மட்டும் மறுபடி பார்க்கும். எந்தக் கோப்பு மாறியது என்பதைக் கோப்பு முறைமையே குறித்து வைத்திருப்பதால் டிரைவ் முழுவதையும் திரும்பத் திரும்பத் துழாவ வேண்டியதில்லை. முதல் தடவை சில மணி நேரம் ஆகும். பிறகு அது இருப்பதே தெரியாது.

இனி தேய்மானத்துக்கு வருகிறேன். எஸ்.எஸ்.டி.யின் செல்களில் எழுத எழுத அவை தேய்கின்றன என்பது உண்மை. அதனால்தான் தயாரிப்பாளர்கள் இவ்வளவு டெராபைட் எழுதும் வரை உத்தரவாதம் என்று போடுகிறார்கள். சாம்சங் 860 ஈவோ 500 ஜி.பி. டிரைவுக்கு அந்த எண் 300 டெராபைட். கணக்குப் போடுங்கள். உங்கள் கணினி நாளொன்றுக்கு 20 ஜி.பி. எழுதுகிறது என்று வைப்போம். சாதாரண வீட்டுக் கணினிக்கு இது தாராளமான எண். அப்படியும் 300 டெராபைட் தீர 15,000 நாள், அதாவது 41 வருடம். அந்த 20 ஜி.பி.யில் இண்டெக்ஸிங்கின் பங்கு எவ்வளவு? பெரிய மனது பண்ணி தினமும் ஒரு முழு ஜி.பி. என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது மட்டும் எழுதி டிரைவைத் தீர்க்க 800 வருடத்துக்கு மேல் ஆகும். ராஜராஜன் பெரிய கோயிலைக் கட்டி ஆயிரம் வருடம் தாண்டிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் லேப்டாப் அவ்வளவு நாள் உழைக்க வேண்டியதில்லை.

கணக்கை நம்பாதவர்களுக்குச் சோதனையும் இருக்கிறது. டெக் ரிப்போர்ட் என்ற இணைய இதழ் 2013-இல் ஆறு எஸ்.எஸ்.டி.களை வாங்கி, சாகும் வரை எழுதிக்கொண்டே இருப்பது என்று உட்கார்ந்தது. எல்லாம் 250 ஜி.பி. சுற்று வட்டாரத்தில் உள்ள, கடையில் கிடைக்கும் டிரைவுகள். 2015 வரை ஓடியது. 700 டெராபைட்டைத் தாண்டாமல் ஒன்றுகூடச் சாகவில்லை. கடைசியாக நின்ற சாம்சங் 840 ப்ரோ 2 பெட்டாபைட்டைத் தாண்டியது. ஒரு பெட்டாபைட் என்பது ஆயிரம் டெராபைட்.

அப்படியானால் இந்த அறிவுரை எங்கிருந்து வந்தது? காற்றில் வரவில்லை. 2008, 2009 வாக்கில் வந்த முதல் தலைமுறை எஸ்.எஸ்.டி.கள் மிகச் சிறியவை, விலையோ யானை விலை. இன்டெல் எக்ஸ்25-எம் என்ற பெயர்பெற்ற டிரைவ் 80 ஜி.பி.தான். அதன் கிட்டத்தட்ட 600 டாலர் விலையில் அன்று ஒரு லேப்டாப்பே வாங்கலாம். மலிவான டிரைவுகள் சிலவற்றில் இருந்த ஜேமைக்ரான் கன்ட்ரோலர் சின்னச் சின்ன எழுத்து வேலைகள் வந்தாலே திக்கி நின்றுவிடும். அந்தக் காலத்தில் ஒரு ஜி.பி.யைச் சேமித்தாலும் லாபம், ஒரு எழுத்து வேலையைக் குறைத்தாலும் லாபம். அன்று இண்டெக்ஸிங்கை அணைத்தவனை நான் குறை சொல்ல மாட்டேன். அது 15 வருடத்துக்கு முன்னால். ஹார்ட் டிஸ்க் காலத்து சமாச்சாரம் என்று மருமகன் என்னைச் சொன்னான் அல்லவா, உண்மையில் அவன் கையில் இருப்பதுதான் பழைய பஞ்சாங்கம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2009-இல் விண்டோஸ் 7 வந்தபோது மைக்ரோசாஃப்ட் எஸ்.எஸ்.டி.க்காகச் சில பழக்கங்களை மாற்றிக்கொண்டது. அடுக்கி ஒழுங்குபடுத்தும் டீஃப்ராக் வேலையை எஸ்.எஸ்.டி.யில் தானாக நடக்காதபடி நிறுத்தியது. தேடல் இண்டெக்ஸரை மட்டும் எப்போதும்போல் விட்டுவிட்டது. ஆப்பிள் 2005-இல் ஸ்பாட்லைட் தேடலைக் கொண்டுவந்தது. பிறகு அதன் மடிக்கணினிகள் எல்லாமே ஹார்ட் டிஸ்க்கைக் கைவிட்டன, ஸ்பாட்லைட் இன்றும் அடைவு போட்டுக்கொண்டுதான் இருக்கிறது. உங்கள் கையில் இருக்கும் ஃபோனுக்குள்ளும் ஃபிளாஷ் நினைவகம்தான். ஐஃபோனில் 2009 முதல் ஸ்பாட்லைட் உண்டு. ஃபோன் தேய்ந்துவிடும் என்று அதை யாராவது அணைத்துப் பார்த்திருக்கிறீர்களா?

தேய்மான வாதம் இத்தோடு போகட்டும். மருமகனின் உண்மையான வாதம் இரண்டாவது. அதில் பாதி நியாயம் இருப்பதால்தான் அது ஆபத்து.

ஹார்ட் டிஸ்க்கில் தட்டு சுழல்கிறது. நிமிடத்துக்கு 7,200 சுற்று என்றால், வேண்டிய இடம் முள்ளுக்கு அடியில் வரச் சராசரியாக 4 மில்லி விநாடிக்குச் சற்று மேல். முள் நகர இன்னும் எட்டு, ஒன்பது. ஒரு கோப்பைத் தொட 12 மில்லி விநாடி என்று வைத்தால், லட்சம் கோப்புகளைத் தொட்டுவர 20 நிமிடம். எஸ்.எஸ்.டி.யில் சுழல்வது எதுவும் இல்லை, ஒரு கோப்பைத் தொட 0.1 மில்லி விநாடி. அதே லட்சம் கோப்புகளுக்குப் பத்து விநாடி. இது பெரிய மாற்றம்தான். கோப்பின் பெயரை மட்டும் தேடுகிறவனுக்கு எஸ்.எஸ்.டி.யில் இண்டெக்ஸ் இல்லாமலும் வாழ்க்கை ஓடும்.

ஆனால் பெயரைத் தேடுவதும் உள்ளே இருக்கும் சொல்லைத் தேடுவதும் ஒரே வேலை இல்லை. வேர்டு கோப்பு என்பது உள்ளபடியே ஒரு சுருக்கப்பட்ட பொட்டலம். உள்ளே இருக்கும் எழுத்து அப்படியே கிடக்காது, பொட்டலத்தை அவிழ்த்தால்தான் தெரியும். பி.டி.எஃப்.பிலும் பெரும்பாலும் அதே கதை. ஆகவே நேரத்தைத் தின்பது டிரைவிலிருந்து கோப்பை எடுக்கும் வேலை அல்ல, எடுத்ததைப் பிரித்துப் படிக்கும் வேலை. அதைச் செய்வது ப்ராசஸர். ஒரு ஆவணத்தைப் பிரித்துப் படிக்க விநாடியில் இருபதில் ஒரு பங்கு என்று வைத்தாலே பத்தாயிரம் ஆவணங்களுக்கு எட்டு நிமிடத்துக்கு மேல். ஒவ்வொரு தேடலுக்கும் அதே எட்டு நிமிடம். எழுத்துப்பிழையோடு தேடிவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து. பெட்டியில் விநாடிக்கு 3,500 எம்.பி. என்று போட்டிருக்கிறானே என்பீர்கள். ஒரே பெரிய கோப்பை நீட்டி வாசிக்கும்போது வரும் எண் அது. சின்னச் சின்னத் துண்டுகளை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கும்போது அதே டிரைவ் விநாடிக்கு ஐம்பது எம்.பி. அளவில்தான் நடை போடும்.

மருமகனுக்கு ஏன் இது உறைக்கவில்லை என்று யோசித்தேன். அவன் தேடுவதெல்லாம் நிரல் கோப்புகள். அவை வெறும் எழுத்து, பொட்டலம் இல்லை. அவனுக்குப் பழகிய தேடல் கருவிகள் அவற்றை நொடியில் அலசிவிடும். அவன் உலகத்தில் அவன் சொல்வது சரி. ஆனால் மாப்பிள்ளை, நீ காலையில் இன்டெல்லிஜே-யைத் திறந்ததும் அடியில் "இண்டெக்ஸிங்" என்று ஒரு பட்டை ஓடுகிறதே, அது என்ன? அதை ஏன் அணைக்கவில்லை? உன் அலுவலகத்து டேட்டாபேஸ்கள் எஸ்.எஸ்.டி.க்கு மாறியபோது, "இனி இண்டெக்ஸ் வேண்டாம், அழித்துவிடுங்கள்" என்று எந்த மேனேஜராவது சொன்னாரா? சொல்லியிருந்தால் மறுநாள் அவர் இருக்கையில் வேறொருவர் இருந்திருப்பார். கூகுள் 2000-களின் தொடக்கத்தில் தன் தேடல் அடைவை டிஸ்க்கிலிருந்து எடுத்து நினைவகத்திலேயே வைத்துக்கொண்டது. எஸ்.எஸ்.டி.யைவிட அது வேகம். அடைவை எங்கே வைப்பது என்பதைத்தான் மாற்றினார்கள்.

"அதை அணைத்துவிட்டு எவ்ரிதிங் என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று ஒரு மாணவர் எழுதியிருந்தார். நல்ல மென்பொருள், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அதுவும் கோப்பு அட்டவணையைப் படித்து ஒரு அடைவு போட்டுத்தான் வேலை செய்கிறது. ஒரு இண்டெக்ஸை அணைத்துவிட்டு இன்னொரு இண்டெக்ஸைப் போடச் சொல்கிறீர்கள். அதன் வழக்கமான அமைப்பில் பெயர் மட்டும்தான் அடைவில் ஏறும்.

இவ்வளவு சூடாக நான் எழுதக் காரணம் இருக்கிறது. என் மூத்த அண்ணன் காலமானது உறவினர்களுக்குத் தெரியும். பன்னிரண்டு வருடமாக வீட்டு விவகாரம் அத்தனையையும் லேப்டாப்பில்தான் தட்டச்சு செய்து வைத்திருந்தார். காரியமெல்லாம் முடிந்த பிறகு, ஒரு சேமிப்புக் கணக்குக்கு நியமனதாரரை மாற்றச் சொல்லி அவர் எழுதிய கடிதத்தின் நகல் மதினிக்குத் தேவைப்பட்டது. எழுதிவிட்டேன் என்று அவர் சொல்லியிருந்தார், அது மட்டும்தான் மதினிக்குத் தெரியும். தேடல் கட்டத்தில் பெயரைப் போட்டோம், கணக்கு எண்ணைப் போட்டோம், "நியமன" என்று போட்டோம். எதுவும் இல்லை என்று வந்தது. தேடிப் பார்க்கவில்லை என்று கணினி சொல்லவில்லை, இல்லை என்றுதான் சொன்னது. அதைத்தான் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். இண்டெக்ஸிங் அணைந்திருந்தால் விண்டோஸ் வழக்கமாகக் கோப்பின் பெயரை மட்டும் பார்த்துவிட்டு முடிவு சொல்லிவிடும். உள்ளே பார்க்க வேண்டுமானால் தனியாக ஒரு அமைப்பை மாற்ற வேண்டும். அது எத்தனை பேருக்குத் தெரியும்?

மதினி இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "உங்க அண்ணன் எழுதினேன்னு சும்மா சொல்லிட்டாங்க போல தம்பி" என்றார். நாற்பத்தோரு வருடம் குடித்தனம் நடத்தியவர் அந்த வார்த்தையைச் சொல்லும்போது முகம் எப்படி இருந்தது என்பதை நான் எழுதப் போவதில்லை.

டிரைவின் பிராபர்ட்டீஸைத் திறந்து பார்த்தேன். கோப்புகளின் உள்ளடக்கத்தையும் இண்டெக்ஸ் செய்ய அனுமதிக்கும் கடைசி வரியில் டிக் இல்லை. ஒன்றரை வருடம் முன்பு எஸ்.எஸ்.டி. போட்ட கடையில் "ஸ்பீடு பண்ணித் தருகிறோம்" என்று எடுத்துவிட்டிருக்கிறார்கள். அண்ணனிடம் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. டிக்கைத் திரும்பப் போட்டு, சார்ஜரில் மாட்டி, இரவு முழுக்க விட்டேன். காலையில் "நியமன" என்று தட்டி முடிப்பதற்குள் வந்துவிட்டது. கோப்பின் பெயர் "லெட்டர் நியூ 2". தேதி, கணக்கு எண், மதினியின் முழுப் பெயர், எல்லாம் இருந்தது.

கோப்புக்கு ஒழுங்காகப் பெயர் வைத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை என்பான் மருமகன். ஆமாம். நானும் முப்பத்து நாலு வருடம் மாணவர்களிடம் தலைப்பு எழுது, தலைப்பு எழுது என்று கத்தியவன்தான். எத்தனை பேர் எழுதினீர்கள்? தவிர, தான் வைத்த பெயர் தனக்கு நினைவிருக்கும். அடுத்தவர் வைத்த பெயரை வைத்து எப்படித் தேடுவது? வீட்டில் ஒருவர் வைத்ததை இன்னொருவர் தேடும் நாள் எல்லா வீட்டுக்கும் வரும். அன்று நமக்குத் தெரிந்திருப்பது உள்ளே இருக்கக்கூடிய ஒரு சொல் மட்டும்தான்.

இண்டெக்ஸிங் போட்டால் போதும், எல்லாம் கிடைத்துவிடும் என்றும் நான் சொல்லவில்லை. நம் தமிழ்க் கோப்புகளில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டியவை திரையில் தமிழாகத் தெரியுமே தவிர, உள்ளே ஆங்கில எழுத்துகளாகத்தான் கிடக்கின்றன. பாமினியில் "தமிழ்" என்பது ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி. யூனிகோடில் "தமிழ்" என்று தேடினால் எந்த இண்டெக்ஸும் அதைக் கண்டுபிடிக்காது. தமிழக அரசு 2010-இல் யூனிகோடுக்கு மாறியது. அதற்கு முன்பு தட்டியவற்றை யூனிகோடுக்கு மாற்றி வையுங்கள், மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஸ்கேன் செய்த பத்திரமும் அப்படித்தான். அது படம், உள்ளே எழுத்து கிடையாது. டெசராக்ட் போன்ற எழுத்துணரிகள் தமிழையும் படிக்கும், அதில் ஒருமுறை ஓட்டிவிட்டால் தேடலாம். தேடும்போது இன்னொன்று, இது தமிழ் வாத்தியாராகச் சொல்வது: முழுச்சொல்லைத் தட்டாதீர்கள். "பத்திரம்" என்று தேடினால் "பத்திரத்தில்", "பத்திரத்தை" எல்லாம் தப்பிவிடும். "பத்திர" வரை தட்டி நிறுத்துங்கள்.

எங்கே அணைக்கலாம்? சினிமாவும் பாட்டும் மட்டும் இருக்கும் டிரைவில் அணைக்கலாம். கடையில் பில் போட மட்டும் வைத்திருக்கும் கணினியில் அணைக்கலாம். 2 ஜி.பி. ராமோடு மூச்சு வாங்கும் பழைய லேப்டாப்பில் அணைத்தால் நானும் ஆட்சேபிக்க மாட்டேன். மருமகன் போன்றவர்கள் நிரல் ஃபோல்டர்களை விலக்கிவிடலாம், அங்கே ஆயிரக்கணக்கில் கோப்புகள் பிறந்து சாகும், அடைவுக்குப் பாவம். ஸ்டார்ட் மெனுவில் எதைத் தட்டினாலும் இணைய முடிவுகள் வந்து விழுகின்றன என்ற எரிச்சல் எனக்கும் உண்டு. ஆனால் அது வேறு கணக்கு. அதற்காக இண்டெக்ஸைத் தண்டிப்பது, பக்கத்து வீட்டு ரேடியோ சத்தத்துக்காக நம் வீட்டு ஃபியூஸைப் பிடுங்குவது போல.

இந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் செய்ய வேண்டியது. சி டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து பிராபர்ட்டீஸ் போங்கள். அடியில் கடைசி டிக் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் போடுங்கள். உள்ளே இருக்கும் ஃபோல்டர்களுக்கும் சேர்த்தா என்று கேட்கும், ஆம் என்று சொல்லுங்கள். பிறகு ஸ்டார்ட் மெனுவில் இண்டெக்ஸிங் ஆப்ஷன்ஸ் என்று தேடித் திறந்து, மாடிஃபை பொத்தானில் உங்கள் ஆவண ஃபோல்டர்கள் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். டி டிரைவில் கடிதங்களை வைத்திருப்பவர்கள் அதையும் சேர்க்க வேண்டும், தானாகச் சேராது. இரவு சார்ஜரில் விட்டுவிடுங்கள். காலையில் எத்தனை கோப்பு ஏறியிருக்கிறது என்று அதே இடத்தில் எண் தெரியும்.

சர்வீஸ் கடை வைத்திருக்கும் என் மாணவர்கள் மூன்று பேராவது இதைப் படிப்பீர்கள். இனி அந்த டிக்கை எடுப்பதாக இருந்தால் கஸ்டமரிடம் கேட்டுவிட்டு எடுங்கள், எடுத்ததை பில்லின் பின்னால் எழுதிக் கொடுங்கள். யாருக்காவது டிக் போட்டும் தேடல் வேலை செய்யவில்லையென்றால் கீழே எழுதுங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் நான் இருப்பேன்.